சாண் அகலப் பலகைக்காக ஒரு வாதம்

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியின் ஆடவர் நீளம் தாண்டுதலில், கிரேக்க வீரர் மில்டியாடிஸ் டென்டோக்லுவும், பத்தொன்பதே வயதான இத்தாலிய இளைஞர் மட்டியா ஃபுர்லானியும் 8.22 மீட்டர் தாண்டிச் சமமாக நிற்க, ஜமைக்காவின் கேரி மெக்லியோட் 8.21 மீட்டரோடு அவர்களை உரசிக்கொண்டு மூன்றாம் இடம் பெற்றார். இருவர் சமமானால் அவரவருடைய இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பது விதி. அதன்படி தங்கம் டென்டோக்லுவுக்குப் போயிற்று. அந்தச் சமயத்திலேதான் அவர், அப்போது புதிதாகப் பேசப்பட்ட ஒரு மாறுதல் அமலுக்கு வருமானால் நீளம் தாண்டுதலையே துறந்து மும்முறைத் தாண்டுதலுக்குப் போய்விடுவேன் என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்த மாறுதல் இதுதான். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள உதைபலகைக்குப் பதிலாக விசாலமான ஒரு பரப்பை வகுத்து, அதற்குள் வீரனுடைய கால் எவ்விடத்திலிருந்து எழும்புகிறதோ அவ்விடத்திலிருந்தே தூரத்தை அளந்துவிடலாம் என்பது உலகத் தடகளச் சம்மேளனத்தார் அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியிட்ட யோசனை. 2023-ல் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் தாண்டல்களில் மூன்றிலொரு பங்கு ஃபவுலாகி வீணாயிற்று என்பது அவர்கள் சொன்ன காரணம். பழைய அமெரிக்க நீளம் தாண்டுதல் வீரர் கார்ல் லூயிஸ் இதைக் கேட்டு, இப்படிப்பட்ட வேடிக்கைகளை ஏப்ரல் முதல் தேதிக்கு ஒத்திவைக்கலாமே என்று கேலி செய்தார். எனக்குக் கேலியில் விருப்பமில்லை. ஆனால் அபிப்பிராயத்தில் நான் அவர் பக்கந்தான்.

ஏறக்குறைய நாற்பது மீட்டர் தூரத்தை, ஓடுபாதையின் ஓரத்தில் ஒட்டிய சிறு பட்டியொன்றைத் தொடக்கக் குறியாகக் கொண்டு, ஒவ்வோர் எட்டிலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடிவந்து, கடைசிக்கு முந்திய எட்டைச் சற்றே நீட்டி இடுப்பைத் தாழ்த்தி, கடைசி எட்டைச் சுருக்கி, தலையைக் குனியாமலே, ஒரு சாண் அகலமுள்ள பலகையின் மேல் பாதத்தைப் பதித்து எழும்புகிறவனுடைய சாமர்த்தியத்தில், எழும்புவது எவ்வளவு பங்கோ பதிப்பதும் அவ்வளவு பங்கு. பலகையின் முன்விளிம்பைப் பெருவிரல் தாண்டிற்றா, இல்லையா என்பதில் அவனுடைய பல மாத உழைப்பு அடங்கியிருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் காலை வைக்கலாம் என்று சலுகை கொடுத்துவிட்டால், அவன் கண்ணை மூடிக்கொண்டு முழு வேகத்தில் ஓடிவரலாம், தூரமும் கூடலாம். ஆனால் வித்தையில் பாதி போய்விடும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பலகைக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னாலிருந்து எழும்பி, உண்மையில் அதிக தூரம் பறந்தவன் தோற்பது அநீதியல்லவா என்று கேட்கிறார்கள். முகூர்த்தம் தவறி வந்த மாப்பிள்ளை, வழியெல்லாம் வேகமாகத்தான் வந்தேன் என்று வாதாடுவதை ஒத்தது இது. எவ்வளவு பறந்தாய் என்பதன்று, கோட்டிலிருந்து எவ்வளவு கடந்தாய் என்பதே இந்தப் போட்டி கேட்கும் கேள்வி.

உள்ளரங்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. வெளியே காற்று என்றொரு மூன்றாம் ஆள் உண்டு. விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் அது பின்னாலிருந்து தள்ளினால் சாதனை செல்லாது. 1991-ல் டோக்கியோவில் லூயிஸ் தாண்டிய 8.91 மீட்டர் அப்படிச் செல்லாமற்போன ஒன்று. அரங்கத்துக்குள்ளோ காற்றின் உபகாரமும் இல்லை, உபத்திரவமும் இல்லை. 1984 ஜனவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே லூயிஸ் தாண்டிய 8.79 மீட்டர், நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அசையாமல் நிற்பதற்கு யாரும் காற்றைக் காரணம் சொல்ல முடியாது.

நம்மவர்களுக்கும் இந்த நூலிழைக் கணக்கு புதியதன்று. 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் கேரளத்து முரளி ஸ்ரீசங்கர், பஹாமாஸ் வீரர் லக்வான் நேர்னோடு 8.08 மீட்டரில் சமமாகி, இரண்டாவது சிறந்த தாண்டலில் பின்தங்கி வெள்ளியோடு திரும்பினார். மறு ஆண்டு அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் தமிழகத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தங்கம் ஐந்து சென்டிமீட்டரில் தப்பியது. அந்த ஏமாற்றத்தைச் சகித்துக்கொள்ள முடிகிறதென்றால், எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே பலகை என்பதனால்தான்.

ஃபவுலென்று செங்கொடி ஏறும்போதெல்லாம் பார்வையாளர் சலிப்படைகிறார்கள் என்பது மெய்தான். ஆயினும் 2025-ல் நான்ஜிங்கில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில் ஃபுர்லானி 8.30, ஜமைக்காவின் வெய்ன் பின்னாக் 8.29, ஆஸ்திரேலியாவின் லியாம் ஆட்காக் 8.28 என்று மூவரும் ஒவ்வொரு சென்டிமீட்டர் இடைவெளியில் முடித்த போட்டி, பலகை இருந்ததனால் சுவை குன்றியதென்று யார் சொல்லுவார்? பார்வையாளருக்கு ஏதேனும் செய்தே தீரவேண்டுமென்று சம்மேளனத்தார் கருதினால், அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தாண்டலுக்குப் பின்னும், கால் பதிந்த இடத்துக்கும் கோட்டுக்கும் இடையே வீரன் எத்தனை சென்டிமீட்டரைக் கைவிட்டான் என்பதை அரங்கத்தின் பெரிய திரையில் காட்டட்டும், பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டட்டும், கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.