பிறவி ஆயுதமா? பெற்ற ஆயுதமா?

உலகத்தில் பிறக்கும் ஒவ்வொரு ஜீவனுக்கும் அதன் தற்காப்புக்கு வேண்டிய ஆயுதத்தைக் கடவுள் பிறவியிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாட்டுக்குக் கொம்பு, பாம்புக்குப் பல், தேளுக்குக் கொடுக்கு என்று பேசுவது நமது பிரசங்கிகளுக்கு வெகுநாளைய வழக்கம். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படித் தலையாட்டும் முன் ஒரு சிறு கடல் நத்தையின் சங்கதியைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கடலிலே ஓடில்லாத நத்தைகள் பல வகை உண்டு. அவற்றில் ஒரு கூட்டத்துக்கு ஆகாரம் என்னவென்றால், நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனும், அதன் இனத்தைச் சேர்ந்து பாறையில் பாசிபோல் ஒட்டி வளரும் ஹைட்ராய்டு முதலிய பிராணிகளுமேயாகும். சொறி பட்டால் உடம்பு ஏன் எரிகிறது? அதன் உடலில் கண்ணுக்குத் தெரியாத கொட்டுச் சிமிழ்கள் ஏராளமாய் இருக்கின்றன. ஒவ்வொரு சிமிழுக்குள்ளும் ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் அது சீறிப் பாய்ந்து விஷத்தை ஏற்றுகிறது. இதே இனத்தைச் சேர்ந்த ஹைட்ராவின் சிமிழை ஆராய்ந்தவர்கள், உள்ளே இருக்கும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு என்றும், முள் வெளிப்படும் நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட பண்டத்தைத்தான் நத்தை தின்கிறது. அதன் வாயிலும் வயிற்றிலும் உள்ள கெட்டியான உட்தோலும், உடம்பில் சுரக்கும் கோழையும் அதைக் காப்பாற்றுகின்றன. தின்றதில் வெடிக்காத சிமிழ்கள் ஜீரணமாகாமல், முதுகில் விரல் விரலாய் நீண்டிருக்கும் உறுப்புகளின் நுனிப் பைகளுக்குப் போய்ச் சேருகின்றன. பிறகு ஒரு மீன் வந்து நத்தையைக் கடித்தால், சொறியினுடைய முள்ளே மீனின் வாயில் குத்துகிறது.

நிற்க, இந்த உண்மை எப்படி வெளிவந்தது என்பதுதான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய விஷயம். 19-ஆம் நூற்றாண்டில் பூதக்கண்ணாடியில் இந்தப் பைகளைப் பார்த்த பண்டிதர்களில் பலர், முள் நத்தையின் உடம்பில் இருக்கிறது, ஆகவே அது நத்தையின் சொந்தப் பிறவி ஆயுதம் என்றே முடிவு கட்டினார்கள். எடின்பரோவில் வைத்தியராயிருந்த ஸ்டிரெத்தில் ரைட் என்பவரோ, "இது எதைத் தின்கிறது?" என்று யோசித்தார். நத்தையின் பையிலிருந்த சிமிழும் அது தின்ற பிராணியின் சிமிழும் ஒரே ஜாடையாய் இருப்பதைக் கண்டு, இது இரவல் சரக்கு என்று 1858-லேயே சொன்னார். அதை உலகம் உடனே ஒப்புக்கொண்டதா? இல்லை. 1903-ல் குரோஸ்வெனார் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஆதாரங்களை அடுக்கிக் காட்டிய பிறகே வழக்கு ஒருவாறு தீர்ந்தது. இடையில் போனது 45 வருஷம்!

ஆதாரங்கள் யாவருக்கும் விளங்கக்கூடியவையே. ஆகாரம் வேறானால் பையிலுள்ள சிமிழின் வடிவமும் வேறாகிறது. ஆகாரத்தை மாற்றிக் கொடுத்தால் கொஞ்ச நாளில் சரக்கும் மாறுகிறது. இதே இனத்தில் மீன் முட்டையைத் தின்று பிழைக்கும் கால்மா என்னும் நத்தைக்கு முள்ளே கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் எந்த நத்தைக் குஞ்சுக்கும் முள் கிடையாது. இதற்கு மேல் பிறவி எங்கே இருக்கிறது?

நீல டிராகன் என்று இப்பொழுது படத்தில் பார்த்து எல்லோரும் வியக்கும் நத்தையும் இந்தக் கூட்டமே. நீளம் மூன்று சென்டிமீட்டர்தான். காற்றை விழுங்கிக்கொண்டு கடல் மேல் மல்லாந்து மிதக்கிறது. போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்று பேர் பெற்ற கொடிய மிதவைப் பிராணியைத் தின்று அதன் முள்ளைச் சேமித்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் கடலில் குளித்தவர்களை இந்த நத்தை கொட்டியதற்குக் காரணம் அந்த இரவல் முள்தான் என்பதை 1969-ல் தாம்சன், இசபெல் பென்னெட் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். 2023 டிசம்பரில் புயலுக்குப் பின் இது சென்னை பெசன்ட் நகர்க் கரையிலும் ஒதுங்கிற்று. அழகாய் இருக்கிறதே என்று கையில் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள். முள்ளுக்குச் சொந்தக்காரன் செத்தாலும் முள் சாவதில்லை.

"திருடும் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர் கடவுள்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் சொறிக்குத் தற்காப்புக்கென்று முள்ளைக் கொடுத்து, அந்த முள்ளோடு சேர்த்து அதைத் தின்ன நத்தைக்கும் வழி செய்து கொடுத்தவரை, யாரைக் காப்பாற்றுகிறவர் என்று சொல்லுவது? எது நடந்தாலும் ஒரே பதில் சொல்லுகிறவன் எதையும் விளக்கினவனாக மாட்டான்.

அதற்காக நத்தையிடமிருந்து நாம் நீதி படிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது திருடனுமல்ல, வீரனுமல்ல. பசித்ததைத் தின்கிறது, அவ்வளவே. நாம் படிக்க வேண்டியது ரைட் கேட்ட கேள்வியையே. ஒரு குணம் ஒரு உடம்பில் இருக்கக் கண்டவுடன் "பிறவிக் குணம்" என்று சொல்லிவிடுவது சோம்பேறியின் வேலை. அது எங்கிருந்து வந்தது, என்ன தின்று வளர்ந்தது, ஆகாரத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்ப்பதே அறிவுள்ளவன் வேலை. ஒரு அங்குல நத்தையின் முள்ளைப் பற்றியே படித்தவர்கள் 45 வருஷம் ஏமாந்திருக்க, மனிதனைப் பார்த்து இவன் பிறவியிலேயே இப்படி என்று ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் எந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள் என்று கேட்கின்றோம்.