ஒரே நாளில் மறைந்த இரு ஆசிரியர்

நாட்காட்டியில் ஒரே திகதியின்கீழ் வரும் நிகழ்ச்சிகளை அடுக்கி, மாணவரை மனனஞ் செய்விக்கும் வழக்கம் பாடசாலைகளில் உண்டு. வெறும் அடுக்கினால் அறிவு வளராதென்பது எமது கருத்து.

1947ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாளை நோக்குவோம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் முதற் பேராசிரியராயும் விளங்கிய விபுலாநந்த அடிகள், யாழ் நூல் அரங்கேறி ஆறு வாரங்கள் கழிய, அன்று கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அதே நாளில் இரங்கூனிலே பர்மியத் தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் மாண்ட அமைச்சருள் ஒருவர் அப்துல் ரசாக். தமிழ் முஸ்லிம் ஒருவரின் மைந்தர். மாந்தளையில் தலைமையாசிரியராயிருந்து கல்வியமைச்சரானவர்.

இதனை விதியின் குறியென்பது வீண். இவ்விருவரையும் பிணைப்பது திகதியன்று, காலமே. 1948 சனவரி 4இல் பர்மாவும், பெப்ருவரி 4இல் இலங்கையும் விடுதலையெய்தின. கல்விக்கு வழிகாட்டுவோர் பெரிதும் வேண்டப்பட்ட வேளையில், இரு நாடுகளும் அவர்களை இழந்து நின்றன.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் வாவிக்கரை எமது. அடிகளுக்கு மலர் சாத்தும் சித்தாண்டிச் சிறுவன் ரசாக்கின் பெயரையும் அறிதல் நன்று. ஆசிரியத் தொழில் புரியும் பழைய மாணவரை யாம் வேண்டுவது இதுவே: திகதியைச் சொன்னபின், "அன்று வேறெங்கே, யாருக்கு, ஏன்?" என்றும் வகுப்பிற் கேளுங்கள்.