எந்த வயதில் வந்தாரை?

வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று திருப்பூரைப் புகழாத மேடை இல்லை. எங்களுக்கு ஒரே கேள்விதான்: எந்த வயதில் வந்தாரை?

18 வயதில் வருகிறவர் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, டெய்லராகலாம். 40 வயதில் கைத்தறியையோ மானாவாரி நிலத்தையோ விட்டு வருகிறவரும் அதே கைமடியில்தான் தொடங்குகிறார். அவருடைய 20 ஆண்டு அனுபவத்துக்கு இங்கே விலை இல்லை. 12 மணி நேர ஒன்றரை ஷிப்டு மட்டும் இருவருக்கும் பொது.

2011 ஜனவரியில், கழிவுநீரால் நொய்யலைக் கெடுத்துவந்த 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நியாயமானதே, ஒரத்துப்பாளையம் அணைப்பகுதி உழவர்களுக்கு அது தெரியும். ஆனால் சுத்திகரிப்புச் செலவை மிச்சம்பிடித்தது முதலாளி. வேலையிழந்தது, நிறத்தின் பதத்தைக் கண்ணாலேயே அறிந்த தொழிலாளி. அப்படிப்பட்டவர் நடுவயதில் வேறொரு வேலையின் கடைசிப் படியில் நிற்பது தன்னம்பிக்கைக் கதை அன்று. பிறர் செய்த பிழைக்கு அவர் பெற்ற தண்டனை.

இலக்கிய வாசகர்களாகிய நாமும் தப்ப முடியாது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1998இலும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ 2004இலும் வந்தன. படித்தோம், விவாதித்தோம். ‘உழைத்தால் உயரலாம்’ என்ற வாசகத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம்.

நடுவயதில் தொழில் மாறுவோருக்குப் பயிற்சிக் காலத்திலும் குடும்பம் நடத்தப் போதுமான கூலி வேண்டும். அது கிடைக்கும்வரை அந்தப் புகழ்மொழியை நாங்கள் எழுதமாட்டோம்.