சோயா புண்ணாக்கு இறக்குமதி: முடிவு விதைப்புக்கு முன்பே வேண்டும்



கோழித்தீவனத்துக்காக மரபணு மாற்றப்பட்ட சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்வதற்கு இந்தியாவில் நிலையான விதி என்று ஒன்று இல்லை. விலை எகிறி, பண்ணைகள் தாங்காமல் முறையிட்ட பிறகு ஓர் அறிவிக்கை வரும். 2021 ஆகஸ்ட் 24 அன்று வெளியானது அப்படிப்பட்ட ஒன்றுதான். எண்ணெய் நீக்கிய மரபணு மாற்றச் சோயா புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை, நவசேவா துறைமுகம், வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் சுங்க நிலையம் ஆகியவற்றின் வழியாக, அக்டோபர் 31க்குள் கொண்டுவரலாம் என்றது அது. கெடு பிறகு 2022 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. இந்த நடைமுறை கோழிப் பண்ணையாளரையும் காப்பாற்றவில்லை, சோயா விவசாயியையும் காப்பாற்றவில்லை.

கோழித்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அதற்கு அடுத்தது சோயா புண்ணாக்கு. இதில் புரதம் 45 விழுக்காடு அளவில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள லைசின் இதில் தாராளம். மாற்றுச் சரக்குகள் இல்லாமல் இல்லை. ஆனால் கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பயம் உண்டு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலுள்ள காஸிபோல் முட்டையின் மஞ்சள் கருவை நிறம் மாறச் செய்யும். சூரியகாந்திப் புண்ணாக்கில் நார் அதிகம். இவற்றைக் கொஞ்சம் கலக்கலாமே தவிர, சோயாவை முழுதாக விலக்கிவிட முடியாது. என்ன விலை விற்றாலும் வாங்கியாக வேண்டும்.

அந்த விலை எங்கே போய் விழுகிறது என்பதை நாமக்கல் வட்டாரப் பண்ணை ஒன்றின் கணக்கில் பார்த்தால் தெரியும். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு லட்சம் கோழி என்றால் தினமும் 11 டன். அதில் சோயா புண்ணாக்கு ஏறத்தாழ 2 டன். 2021 தொடக்கத்தில் கிலோ 40 ரூபாயை ஒட்டியிருந்த புண்ணாக்கு ஆகஸ்டில் நூறு ரூபாயை நெருங்கியது. நாளுக்கு 80,000 ரூபாயாக இருந்த செலவு ஏறக்குறைய இரண்டு லட்சமானது. நாளுக்கு 85,000 முட்டை கிடைத்தாலும், இந்த ஒரு சரக்கால் மட்டும் முட்டைக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு வரை செலவு கூடியது. தீவனம் ஏறிவிட்டது என்று பண்ணையாளர் முட்டை விலையைத் தாமாக ஏற்றிக்கொள்ள முடியாது. கோழியைப் பட்டினி போடவும் முடியாது.

விலை ஏறும் காலத்தில் தரமும் சரிகிறது. லாரி வந்ததும் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, நிறம் பார்த்து, முகர்ந்து பார்ப்பது தீவன ஆலைகளின் வழக்கம். பச்சை வாடை அடித்தால் சரியாக வறுபடாத சரக்கு, கோழிக்குச் செரிக்காது. யூரியா கலந்த புண்ணாக்கை மூக்கு காட்டிக்கொடுக்காது. நைட்ரஜனை அளந்து புரதம் கணக்கிடும் சோதனையில் அது நல்ல சரக்காகவே தெரியும். யூரியாவுக்கென்று தனிச் சோதனை செய்தால்தான் பிடிபடும். சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது எளிது. மாதம் நாலைந்து லோடு வாங்கும் சிறிய பண்ணைக்கு அப்படியில்லை.

2021-ல் வந்த தட்டுப்பாடு திடீரென்று முளைத்ததல்ல. 2020 காரீப் சோயாவை அறுவடை நேரத்து மழை கெடுத்திருந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியிருந்ததால் இந்தியப் புண்ணாக்கு ஏற்றுமதி முந்தைய ஆண்டைப்போல இரு மடங்குக்கு மேல் போனது. உள்நாட்டில் சரக்கு குறையும் என்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே தெரிந்திருக்க வேண்டும். முடிவு வந்ததோ ஆகஸ்ட் கடைசியில்.

பெரிய தவறு அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் மானாவாரியாக ஜூன் கடைசியில் விதைக்கும் சோயா, செப்டம்பர் இறுதியில் அறுவடைக்கு வரும். அர்ஜென்டினாவிலிருந்து கப்பல் இங்கே வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆகஸ்ட் 24-ல் அனுமதித்தால் சரக்கு அக்டோபரில், புது விளைச்சல் மண்டிக்கு வரும் அதே வாரங்களில்தான் இறங்கும். பண்ணைகள் தவித்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதனால் ஒரு மூட்டைகூடப் பயன்படவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் குவிண்டால் பத்தாயிரம் ரூபாயை எட்டிய சோயா, புதுச் சரக்கு வந்தபோது ஆறாயிரத்துக்குக் கீழே இறங்கியது. அறுவடை வரத்தும் அதற்குக் காரணம்தான். ஆனால் இறக்குமதிச் செய்தி கேட்ட வியாபாரி முன்கூட்டியே கையை மடக்கிக்கொள்வார் என்பது மண்டியில் யாருக்கும் தெரிந்த விஷயம். ஜூனில் விதையை ஏறிய விலைக்கு வாங்கிய விவசாயிக்கு இதைப் பற்றி ஒரு குறிப்பும் தரப்படவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையான 3,950 ரூபாய்க்கு மேல்தானே விற்றது என்று சமாதானம் சொல்வது நியாயமாகாது.

மரபணு மாற்றம் பற்றிய கேள்வியும் விடையில்லாமல் நிற்கிறது. அரைத்த புண்ணாக்கு முளைக்காது என்பதால் அது உயிருள்ள பொருளல்ல என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆட்சேபணையின்றி விட்டுவிட்டது. வயலுக்குப் பரவாது என்ற அளவில் அது சரி. தீவனமாக அதன் தரத்துக்கு யார் பொறுப்பு? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் கால்நடைத் தீவனத்தை உணவு என்ற விளக்கத்திலிருந்தே விலக்கிவைக்கிறது. அதே 2021 மார்ச் முதல், மனிதர் உண்ணும் இறக்குமதிப் பயிர்கள் 24-க்கு, சோயாவும் அதில் ஒன்று, மரபணு மாற்றமற்றவை என்ற சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. அரை ஆண்டுக்குள், கோழிக்குப் போகும் சோயாவுக்குக் கதவு திறந்தது. திறந்தது தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. உலகச் சந்தையில் விற்கும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டதுதான். ஆனால் யார் சோதிப்பது, எதைச் சோதிப்பது, முடிவை எங்கே வெளியிடுவது என்று எழுதிவைக்காமல் திறந்தது பொறுப்பற்ற செயல்.

மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 2024-ல் சோயாவின் ஆதரவு விலை 4,892 ரூபாய். மண்டிகளில் விற்றது அதற்கும் கீழே. எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் டிடிஜிஎஸ் என்ற தானியச் சக்கை மலிவாகத் தீவனத்தில் புகுந்து, புண்ணாக்கின் விலையை இறக்கியது. அதே எத்தனாலுக்காக மக்காச்சோளம் ஏறி, பண்ணைகளை மறுபுறம் அடித்தது. 2025-ல் அமெரிக்காவுடன் நடந்த வர்த்தகப் பேச்சிலும் மக்காச்சோளமும் சோயாவும் அடிபட்டன. அடுத்த அனுமதியும் ஓர் அவசர அறிவிக்கையாக வந்துவிடக் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் இறக்குமதி உண்டா, உண்டென்றால் எத்தனை டன் என்பதை மே மாத முடிவுக்குள், விதைப்புக்கு முன்பே, மத்திய அரசு அறிவிக்க வேண்டும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை எந்தக் கப்பலும் சரக்கு இறக்கக் கூடாது என்று அந்த உத்தரவிலேயே எழுத வேண்டும். எண்ணெய் ஆலைகளிடமும் பெரு வியாபாரிகளிடமும் உள்ள இருப்பு மாதந்தோறும் வெளியாக வேண்டும். 2021 டிசம்பரில் புண்ணாக்கு இருப்புக்கு உச்சவரம்பு விதிக்க முடிந்த அரசுக்கு இருப்பைக் கணக்கெடுப்பது முடியாத காரியமல்ல. தீவனத் தரத்துக்குத் தனிச் சட்டம் வர வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருப்பது போன்ற தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தைச் சரக்கு இறங்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் அமைத்து, சிறிய பண்ணையாளர் கொண்டுவரும் மாதிரியையும் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தர வேண்டும்.

ஒரு வாசகர்,
நாமக்கல்