சரக்குப் பாதை

ராபர்ட் மார்ஷல் என்ற அமெரிக்க வனவியலாளர் 1930-இல் வடக்கு அலாஸ்காவின் வைஸ்மன் என்னும் சிற்றூருக்குச் சென்று ஓராண்டுக்கும் மேலாக அங்கே தங்கினார். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், கொயுகுக் ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது அவ்வூர். பொன் தேடி வந்து பெரும்பாலும் ஏமாந்துபோன வெள்ளையர்கள், இனுபியாக் மக்கள், ஒரு சில அதபாஸ்கன் பழங்குடியினர் என அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் நூற்றுச்சொச்சம் பேர்தான். அவர்கள் என்ன உண்டார்கள், எதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்து அவர் எழுதிய 'ஆர்க்டிக் வில்லேஜ்' 1933-இல் வெளிவந்து நன்றாக விற்றது. கிடைத்த உரிமைத்தொகையை அவர் அவ்வூர்க்காரர்களுடன் பங்கிட்டுக்கொண்டார். எழுத்துலகில் இது அடிக்கடி காணக்கிடைக்காத செயல் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

யூகான் ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தில் மிகப் பெரும் பகுதியைச் சாலையே இல்லாமல் விட்டுவிட வேண்டும் என்று 1938-இல் மார்ஷல் அரசுக்குப் பரிந்துரைத்தார். மறு ஆண்டு, தம் முப்பத்தெட்டாம் வயதில், இறந்துபோனார். அந்தப் பரிந்துரை வசதியான நியூயார்க் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையின் கனவு என்றே எனக்கு முதலில் பட்டது. டால்டன் நெடுஞ்சாலையின் வரலாற்றைத் தொடர்ந்து வாசித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1968-இல் ஆர்க்டிக் கடலோரம் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டறியப்பட்டது. அன்றைய ஆளுநர் வால்டர் ஹிக்கலுக்குப் பொறுமையில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே வடக்கு நோக்கி ஒரு பாதை வெட்டச் சொன்னார். புல்டோசர்கள் நிலத்தின் மேலிருந்த பாசியையும் புதரையும் உரித்துக்கொண்டே போயின. அந்த மண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பது. பாசிதான் அதற்குப் போர்வை. போர்வை போனதும் கோடைச் சூரியன் உள்ளே இறங்கியது, உறைமண் உருகியது, பல இடங்களில் பாதை வாய்க்காலாகிவிட்டது. அதற்குள் ஹிக்கல் வாஷிங்டனில் உள்துறைச் செயலராகிவிட்டிருந்தார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்குப் பொருள், நாட்டின் பொதுநிலங்களுக்குப் பொறுப்பாளர் என்பது.

அடுத்த பாதைக்கு அந்தப் பாடம் உதவியது. நடுவே ஆறாண்டுகள் கழிந்தன. ஸ்டீவன்ஸ் வில்லேஜ் என்ற அதபாஸ்கன் கிராமம் நீதிமன்றம் சென்று தன் நிலத்தில் சாலை வருவதற்குத் தடை வாங்கியது. பழங்குடிகளின் நில உரிமையைத் தீர்க்காமல் எண்ணெயைக் கொண்டுபோக முடியாது என்று அனைவருக்கும் புரிந்தது. 1971-இல் வந்த சட்டம் 4.4 கோடி ஏக்கரையும் 96 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையையும் அவர்களுக்குத் தந்து, மிச்சமிருந்த தொன்மை உரிமைகளை அழித்தது. 1973-இல் எண்ணெய்க்குழாய்ச் சட்டத்தின் முக்கியத் திருத்தம் ஒன்று செனட்டில் 49-க்கு 49 என்று நின்று, துணை அதிபரின் வாக்கால் தப்பியது. 1974-இல் யூகான் ஆற்றிலிருந்து புருடோ விரிகுடா வரை 154 நாட்களில் சாலை போட்டு முடித்துவிட்டார்கள்.

இந்த முறை மண்ணை உரிக்கவில்லை. அதன்மேல் சரளைக்கல்லைத் தடிமனாகக் கொட்டினார்கள். வடக்கின் இயற்கை வளம் என்றதும் எண்ணெய், பொன், செம்பு என்றுதான் நமக்கு நினைவு ஓடும். சரளைக்கல்லை யாரும் வளமாக எண்ணுவதில்லை. ஆனால் உறைமண்ணின் மீது சாலையோ, விமான ஓடுதளமோ, எண்ணெய்க் கிணற்று மேடையோ எதுவானாலும் அது சரளை மீதுதான் நிற்க வேண்டும். அந்தச் சரளை ஆற்றுப்படுகைகளிலிருந்தும் ஆற்றோரக் குழிகளிலிருந்தும் வந்தது. ஆற்று மணல் அள்ளுவதைப் பற்றி நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை என்பதால் இதைத் தாண்டிச் செல்கிறேன்.

அன்று அச்சாலைக்குப் பெயர் 'சரக்குப் பாதை'. டால்டன் என்பது 1981-இல் வைத்தது. தொழில் வாகனங்களுக்கு மட்டுமே அது என்பது ஏற்பாடு. முதலில் பாதி வழி வரை பொதுமக்களுக்குத் திறந்தார்கள், 1994-இல் எஞ்சியதையும் திறந்தார்கள். இன்று 414 மைல் நீளமுள்ள அச்சாலையில் லாரிகளுக்கு இடையே சுற்றுலா வண்டிகளும் வேட்டைக்காரர்களும் போகிறார்கள். யாரும் மோசடி செய்யவில்லை. திறப்பதற்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருந்தது. பொதுப்பணத்தில் பராமரிக்கும் சாலையில் பொதுமக்களை எத்தனை காலம் தடுக்க முடியும்?

இதை இப்போது நினைவூட்டக் காரணம் ஆம்பிளர் சாலை. டால்டனின் 161-ஆவது மைல் கல்லருகே பிரிந்து, மேற்கே 211 மைல் சென்று செம்பும் துத்தநாகமும் இருக்கும் மலைப்பகுதியை அடையத் திட்டமிட்ட பாதை அது. வழியில் 'ஆர்க்டிக் வாயில்' தேசியப் பூங்காவைச் சேர்ந்த காப்புநிலத்தைக் கடக்கும். அந்தப் பெயரை இரண்டு மலைகளுக்குச் சூட்டியவர் மார்ஷல்தான். 2020-இல் அனுமதி கிடைத்தது, 2024 ஜூனில் நில மேலாண்மைத் துறை மறுத்தது, 2025 அக்டோபரில் அதிபர் டிரம்ப் மீண்டும் அனுமதித்தார். சுரங்க நிறுவனம் ஒன்றில் அரசே பத்து விழுக்காடு பங்கு வாங்குவதாகவும் அறிவிப்பு வந்தது. இச்சாலை தொழில் வாகனங்களுக்கு மட்டுமே, பொதுமக்களுக்குத் திறக்கமாட்டோம் என்கிறார்கள். டால்டனை அறிந்த கொயுகுக் கிராமத்தார் இதை நம்ப மறுப்பதில் வியப்பில்லை. அப்பகுதியின் மேற்கு ஆர்க்டிக் காரிபு மான் கூட்டம் 2003-இல் ஏறத்தாழ 4,90,000 இருந்தது, 2023-இல் 1,52,000-ஆகக் குறைந்துவிட்டது. அந்தச் சரிவுக்குச் சாலை காரணமில்லை, சாலையே இன்னும் இல்லை. ஆனால் இளைத்தவன் தலையில் ஏற்றும் சுமையைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும் அல்லவா?

மறுதரப்பை ஒதுக்குவது நேர்மையாகாது. வடகோடி இனுபியாக் ஊர்களின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எண்ணெய் வரியில்தான் நிற்கின்றன. அலாஸ்காவில் வசிப்போர் 1982 முதல் ஆண்டுதோறும் பெறும் பணத்துக்கும் மூலம் எண்ணெய்தான். சுரங்க வேலையை விரும்பும் பழங்குடி இளைஞர்களும் உண்டு. குழாயில் ஓடும் எண்ணெய் 1988-இல் நாளொன்றுக்கு இருபது லட்சம் பீப்பாய். இப்போது ஐந்து லட்சத்துக்கும் கீழே. வருமானத்தைப் பற்றி அவர்கள் அஞ்சுவது இயல்பு. செம்புக் கம்பி இல்லாமல் ஒரு நாள்கூட வாழாத நான் அவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி உடையவனல்ல.

ஆயினும் ஆம்பிளரைவிட என்னை அலைக்கழிப்பது அதிகம் பேசப்படாத வேறொரு செய்தி. குழாய்க்கும் சாலைக்கும் இருபுறமும் உள்ள கூட்டாட்சி நிலம் 1971-இல் ஓர் ஆணையால் ஒதுக்கி வைக்கப்பட்டது. யூகானுக்கு வடக்கே அந்த ஆணைகளை நீக்கி, நிலத்தை அலாஸ்கா மாநிலத்துக்கு மாற்ற வழிசெய்யப்போவதாக 2025 மார்ச்சில் உள்துறை அறிவித்தது. கேட்பதற்கு வெறும் பட்டா மாற்றம். ஆனால் 1980-ஆம் ஆண்டின் அலாஸ்கா நிலச் சட்டப்படி, கூட்டாட்சி நிலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கிராமவாசிகளுக்கே முன்னுரிமை. வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாடுபவனுக்கும் கொம்புக்காக வேட்டையாடுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மாநில நிலத்தில் இந்த முன்னுரிமை கிடையாது. வன உயிர்கள் எல்லோருக்கும் பொது, ஆகவே வசிக்கும் இடத்தை வைத்து முன்னுரிமை தரக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லிவிட்டது. எல்லோரும் சமம் என்ற அழகிய கொள்கையின்படி, ஆங்கரேஜிலிருந்து மூன்று நாள் விடுமுறையில் வருபவரும் வைஸ்மனில் குளிர்காலம் முழுதும் கிடப்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

சாலையின் இருபுறமும் ஐந்து மைலுக்குத் துப்பாக்கி வேட்டை கூடாது, வில் அம்பு மட்டும் என்பது மாநில விதி. அதே பட்டையில், கூட்டாட்சி நிலத்தில் மட்டும், அங்கே வசிப்பவர்களும் அண்டையிலுள்ள சில கிராமத்தாரும் உணவுக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். நிலம் கைமாறினால் அந்த விலக்கும் போகும். மார்ஷல் கணக்கெடுத்த வைஸ்மன் இன்றும் சாலையிலிருந்து சற்று விலகி இருக்கிறது, சில குடும்பங்களுடன். இலையுதிர் காலத்தில் அவர்கள் சுடும் ஒரு மூஸ் மான் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி. அடுத்த பட்டா வேறு பெயரில் வந்தால், வீட்டுக்கு எதிரே மேயும் அதே மானை அவர்கள் அம்பெய்துதான் பிடிக்க வேண்டியிருக்கும், கோடையிலிருந்தே பயிற்சி செய்துகொண்டு வரும் நகரத்துக்காரர்களுக்கு முன்னால்.