கிழமைக்கொரு நூல்



உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் போற்றாதார் இலர். கி.பி. 921இல் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, வாரியத்துக்கு வருவோன் கால்வேலிக்கு மேல் நிலமுடையனாதல் வேண்டும் என்றது. கற்றுப் பொருள்விரிக்க வல்லானுக்கோ அரைக்கால் வேலியே போதும் என இறங்கிவந்தது. கல்விக்கு நிலமே வழிவிட்ட ஊர் எம்மூர்! (அவர்கள் கேட்டது வடமொழி மறைக்கல்வி என்னும் நம் வயிற்றெரிச்சல் தனி.)

இன்றோ, வடசொல் கண்டவிடத்துக் கொதிக்கும் நாமே தமிழ்நூலைத் தொட்டுத் திங்கள் பல ஆகின்றன. பிறரைச் சாடவில்லை. கிழமைக்கொரு நூல் முடிப்பதெனச் சென்ற ஆண்டு தை முதல்நாள் உறுதிபூண்டேன். ஆனிவரை ஓடிற்று. ஆடியில் நாற்றங்கால், மார்கழியில் விடைத்தாள் கட்டுகள். 52இல் 31தான் தேறின. தமிழாசிரியனுக்கே இந்நிலை!

பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் தேடித்தொகுத்த நூல்கள் ஏறத்தாழ 4,000. கிழமைக்கொன்றாகப் படித்தால் 76 ஆண்டுகளுக்கும் மேலாகும். அடிகளார் வாழ்ந்ததோ 74 ஆண்டுகளே (1876–1950). தனித்தமிழ் என்று முழங்குவார் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க.

வீட்டுவரியோடு நூலகவரியும் செலுத்துகின்றோம். நூலகப் படியேறுவார் எத்தனைபேர்? இத்தையில் மீண்டும் தொடங்கிவிட்டேன். உடன்வருவோர், முடித்த நூலின் பெயரைக் கிழமைதோறும் அஞ்சலட்டையில் எழுதி விடுக்க. முடிக்காத கிழமையையும் மறையாது எழுதுக.