பாலத்தின் அடியில் ஒரு பலகை

தமிழில் 'சறுக்கல்' என்றாலே தவறு, வீழ்ச்சி, கௌரவக் குறைவு. சறுக்குவதையே கலையாகக் கொண்ட ஒரு கூட்டத்தை நம் மொழி எப்படி வரவேற்கும் என்று தெரியவில்லை. ஆயினும் சறுக்குப்பலகையைப் பற்றிச் சற்றே பேச விரும்புகிறோம். சிறிய கல்லூரி நகரம் ஒன்றில் இப்பலகையை ஓட்ட நல்ல இடம் எது என்பது எளிய கேள்விபோலத் தோன்றினாலும், ஊர் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன். 1876-இல் திறக்கப்பட்ட ஓரிகன் பல்கலைக்கழகமே அதன் உயிர்நாடி. அங்கே பயின்றவர்தாம் 1962-இல் வெளிவந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவலின் ஆசிரியர் கென் கீஸி. ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர்பெற்ற ஊரும்கூட. ஓடுகிறவனுக்கு அங்கே ஹேவர்ட் ஃபீல்டு என்ற அரங்கமே உண்டு. பலகையில் உருள்கிறவன் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

எதைத் தேடுகிறான் அவன்? முதலில் தரை. பலகையின் சக்கரம் ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் சிறு உருளை. ஒரு கூழாங்கல் போதும், பலகை அங்கேயே நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பான். 1970-களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகே தரையைப் பற்றிக்கொண்டு ஓடுவது கைகூடிற்று. 1976, 77-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் கலிபோர்னியாவின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, அவற்றின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறி இறங்கினர். பிறகு, கையால் பிடிக்காமலேயே பலகையோடு எம்பும் 'ஆலி' என்ற உத்தியை ஆலன் கெல்ஃபாண்ட் குளத்துச் சரிவில் கண்டார். 1980-களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, கல் இருக்கை யாவும் ஆடுகளமாயின. கட்டடக்கலை அறிஞர் இயன் போர்டன் 2001-இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். கட்டியவர் நினையாத பொருளைக் கட்டடத்திலிருந்து பெறுவதால் இதுவும் ஒருவகை வாசிப்பே என்று சொல்ல நமக்கு ஆசை. ஆனால் உவமையை அதிகம் நீட்டினால் அது முறியும்; முட்டி பெயர்வது வாசகனுக்கு நேர்வதில்லை.

படிகள், சாய்தளங்கள், வழுவழுப்பான விளிம்புகள், விடுமுறை நாளின் வெறுமை ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் கல்லூரி வளாகம். ஆகவேதான் பலகைக்காரர்கள் அங்கே மொய்க்கிறார்கள். ஆகவேதான் பல வளாகங்களின் இருக்கை விளிம்புகளில் உலோகக் குமிழ்கள் முளைக்கின்றன. நிர்வாகங்களின் முறையீடு முழுக்கப் பொய்யன்று. விளிம்பு சிதைகிறது, மெழுகுக் கறை படிகிறது, வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே அந்த 'டடக்' ஒலி எழும்போது யாப்பிலக்கணம் நடத்துவது பெரும்பாடு. ஆனாலும், மாலை ஐந்து மணிக்கு மேல் எவரும் உட்காராத இருக்கையை எவரும் தொடாதவாறு காப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

யூஜீனுக்கு இன்னொரு சிக்கல், மழை. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை அது விடாது. நனைந்தால் பலகையின் மரம் ஊறும், சக்கரத்தின் குண்டுகள் துருப்பிடிக்கும். எனவே அவ்வூருக்குத் தேவைப்பட்டது ஒரு கூரை. அதைத் தந்தது நெடுஞ்சாலை. வாஷிங்டன் ஜெஃபர்சன் பூங்காவில், ஐ-105 பாலத்தின் கீழே, 2014-இல் சுமார் 23,000 சதுர அடியில் கான்கிரீட் ஆடுகளம் திறக்கப்பட்டது. இரவு விளக்கும் உண்டு. கட்டியது டிரீம்லேண்டு நிறுவனம். இதன் வேர் போர்ட்லாந்து நகரத்தில் இருக்கிறது. 1990-இல் அங்கே பர்ன்சைடு பாலத்தின் கீழே இளைஞர்கள் அனுமதி எதுவும் கேளாமல் தாமே சிமென்ட் குழைத்துச் சரிவு அமைத்தனர். நகராட்சி பின்னால் ஏற்றுக்கொண்டது. திருட்டுத்தனமாகக் கற்ற அந்தக் கைவேலைதான் டிரீம்லேண்டு என்ற தொழிலாயிற்று.

பாலத்தடியை இப்படிக் கொண்டாடும்போதே லண்டன் நினைவுக்கு வருகிறது. அங்கே குவீன் எலிசபெத் ஹாலின் அடித்தளத்தில் 1970-களிலிருந்து பலகை ஓட்டி வந்தனர். 2013-இல் அவ்விடத்தைக் கடைகளாக்கும் திட்டம் வந்தது; பதிலாக அருகிலிருந்த ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் கீழே புதிய இடம் தருவதாகச் சொன்னார்கள். இளைஞர்கள் மறுத்துப் போராடினர். 2014-இல் பழைய இடமே நிலைத்தது. மூடிக் கிடந்த ஒரு பகுதியும் 2019-இல் மீட்டுத் திறக்கப்பட்டது. யூஜீனில் கேட்டுப் பெற்றது பாலத்தடியை. லண்டனில் வேண்டாமென்றது பாலத்தடியை. இரண்டும் சரியென்றே நாம் கருதுகிறோம். யூஜீனில் இல்லாததைக் கொடுத்தார்கள். லண்டனிலோ நாற்பதாண்டு நினைவைப் பிடுங்கிக்கொண்டு அதே சதுர அடியை வேறிடத்தில் அளந்து தர முன்வந்தார்கள். குடியிருந்த வீட்டை இழந்தவனுக்கு மாற்று மனை கொடுத்துக் கணக்கு நேரானதாகச் சொல்லும் வழக்கம் நமக்கும் புதிதன்று.

யூஜீனின் கதையும் அப்பழுக்கற்றதன்று. 2020 முதல் 2022 வரை, கொள்ளைநோய்க் காலத்தில், அதே பூங்காவில் வீடற்றோர் பெருந்திரளாகக் கூடாரமிட்டிருந்தனர். 2022 மார்ச்சில் நகராட்சி அம்முகாமை மூடியது. மழைக்கு ஒதுங்க இடம் தேடியவர்கள்தாம் இரு சாராரும். ஒரு சாராருக்குச் சரிவுகளும் விளக்குகளும் நிலையாக அமைந்தன. மற்றவர்க்குக் கிடைத்தது இரண்டாண்டுத் தவணை. பலகைக்காரர்களின் பிழையன்று இது. ஆனால் நல்ல இடம் என்று அதைச் சுட்டும்போது இதை விழுங்கிவிட்டுப் பேச நம்மால் இயலவில்லை.

நகர மையத்தில் கீஸியின் வெண்கலச் சிலை இருக்கிறது, 2003-இல் வைத்தது. குழந்தைகளுக்குக் கதை படித்துக்காட்டியபடி அமர்ந்திருக்கிறார். அச்சதுக்கத்தை விற்று அடுக்குமாடி எழுப்பலாம் என்ற பேச்சு 2015 வாக்கில் எழுந்து, எதிர்ப்பினால் அடங்கிற்று. அங்கு பலகை ஓட்டலாமா என்று கேட்கும் மாணவனுக்கு நம் யோசனை, வேண்டாம் என்பதே. சிறு சதுக்கம், உட்கார வருவோர் பலர். மழையற்ற மாலையில் வில்லமெட் ஆற்றின் இரு கரையிலும் நீளும் மிதிவண்டிப் பாதையில், நடப்பவர்க்கு வழிவிட்டு, உருண்டு போகட்டும். மழை பிடித்துக்கொண்டால் பாலத்தடிக்குத் திரும்பட்டும். இரவிலும் அங்கே வெளிச்சமிருக்கும்.